கடைவாசலில் பள்ளம் எத்தனை மாதம்? வார்த்த கான்கிரீட் கால்வாய் கேட்போம்



மழைநீர் வடிகால் வேலை ஆரம்பம் என்று கேள்விப்பட்டாலே கடைக்காரர்களின் முகம் சுருங்கிப் போகிறது. வடிகால் வேண்டாம் என்று நம்மில் யாரும் சொல்லவில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கடைக்குள் தண்ணீர் ஏறி, அடி வரிசை அரிசி மூட்டையும் சர்க்கரை மூட்டையும் வீணானதைப் பார்த்தவர்கள் நாம். வடிகாலின் அருமையை நமக்கு வேறொருவர் சொல்லித் தர வேண்டியதில்லை. அதை எந்த முறையில் கட்டுகிறார்கள், எத்தனை நாளில் முடிக்கிறார்கள் என்பதே நம் கேள்வி.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் சரக்கு அனுப்பும் ஒரு பஜார் தெருவில் ஆடி மாதம் தோண்டினார்கள். பொங்கல் கழிந்தும் வேலை முடியவில்லை. தீபாவளி வியாபாரம் முழுவதும் ஒரு பலகைமேல் நடந்தது. வாடிக்கைக்காரர் ஸ்கூட்டரை எங்கோ நிறுத்திவிட்டு, கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் பள்ளத்தின் மேல் பலகையில் நடந்து வந்து 5 கிலோ அரிசி வாங்க வேண்டும். வயதானவர்கள் வருவதையே விட்டுவிட்டார்கள். லாரி கடை எதிரே நிற்க வழியில்லாமல் தெருக்கோடியில் நின்றது. லோடுமேன்கள் மூட்டைக்கு இரட்டைக் கூலி கேட்டார்கள், அதில் நியாயமும் இருந்தது. அந்தத் தெருவில் இரண்டு சிறு கடைகள் பிறகு திறக்கவே இல்லை. போன வாடிக்கை திரும்பி வருவது எவ்வளவு கடினம் என்று மளிகைக்காரருக்குத் தெரியும். மாதச் சாமான் எழுதும் குடும்பம் ஒரு மாதம் வேறு கடையில் எழுதிவிட்டால் பேச்சு முடிந்தது.

ஏன் அத்தனை மாதம் ஆகிறது என்று வேலையாட்களிடமே நின்று கேட்டோம். பள்ளம் தோண்டி, அடியில் ஜல்லிக் கலவை போட்டு, கம்பி கட்டி, அடித்தளம் போட வேண்டும். அது இறுகிய பிறகு இரு பக்கமும் பலகை அடைத்துச் சுவர் வார்க்க வேண்டும். பலகை பிரித்தபின் மேல்மூடிக்கு மறுபடி கம்பி, பலகை, கலவை. ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீர் விட்டு ஆற வைக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய விதி ஐ.எஸ். 456, சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், கலப்பு சிமெண்டுக்கு 10 நாள் நீராற்றச் சொல்கிறது. முழு பலத்தை 28 நாளில் கணக்கிடுகிறார்கள். இடையில் ஒரு மழை பெய்தால் பள்ளமே குளமாகும். கம்பி கட்டுபவர் வேறு வேலைக்குப் போய்விட்டால் பத்து நாள் போச்சு. ஆக, சோம்பல் மட்டும் காரணமல்ல. இருந்த இடத்திலேயே வார்க்கும் முறையே நாள் கேட்கும் முறை.

இதற்கு மாற்று, 'ப' எழுத்தைப் போல மேலே திறந்த கால்வாய்த் துண்டுகளை ஊருக்கு வெளியே ஒரு களத்தில் வார்த்து, அங்கேயே ஆற வைத்து, பலம் பார்த்து, லாரியில் கொண்டு வந்து இறக்குவது. பிரீகாஸ்ட் என்று சொல்லுகிறார்களே, அதுதான். தெருவில் நடக்க வேண்டிய வேலை தோண்டுதல், அடிமட்டம் சமன் செய்தல், துண்டுகளை வரிசையாக இறக்கி மூட்டுப் பூசுதல், மூடி போடுதல் இவ்வளவே. 28 நாள் காத்திருப்பு நம் வாசலில் இல்லாமல் களத்தில் நடந்து முடிந்திருக்கும். நான்கு கடைகளின் முன்னால் இன்று தோண்டினால், இரண்டொரு நாளில் அந்த நான்கு கடைகளின் முன்னால் மூடி விழுந்துவிட வேண்டும். அதன் பிறகுதான் அடுத்த நான்கு கடை. இதுவே நமது கோரிக்கையின் சாரம்.

புதிய சமாசாரம், நம் ஊருக்கு ஒத்துவருமா என்று சிலர் தயங்குகிறார்கள். பாலாறு கடலில் சேரும் பக்கத்தில், சதுரங்கப்பட்டினத்துக்கு அருகே வசவசமுத்திரம் என்றொரு ஊர் இருக்கிறது. தொல்லியல் துறையினர் அங்கே அகழ்ந்தபோது, கடல் வணிகம் நடந்த காலத்து ஜாடிகளோடு சுடுமண் உறைகிணறுகளும் கிடைத்தன. வளையத்தைச் சூளையில் சுட்டு, எடுத்து வந்து, ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கியிருக்கிறார்கள். இன்று சிமெண்ட் உறையை வண்டியில் கொண்டு வந்து இறக்குவதும் அதே வேலைதான். மாமல்லபுரத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். ஐந்து ரதங்கள் 7ஆம் நூற்றாண்டில், இருந்த பாறையை இருந்த இடத்திலேயே குடைந்து செதுக்கியவை. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராஜசிம்ம பல்லவன் காலத்தில் எழுந்த கடற்கரைக் கோயில் அப்படியல்ல. கல்லை வெட்டி, அளவாக்கி, தூக்கி அடுக்கிய கட்டடம். ரதங்களில் சில முடியாமல் நிற்கின்றன. கடற்கரைக் கோயில் முடிந்து, அலைக்கு எதிரே இன்றும் நிற்கிறது. (சிற்பிகள் கோபிக்க வேண்டாம், நாம் வேலை முடியும் நாளைப் பற்றிப் பேசுகிறோம், அழகைப் பற்றி அல்ல.)

நம் கண் முன்னால் நிற்கும் மின்கம்பம் எங்கோ வார்த்தது. செங்கல்பட்டு ஜங்ஷனில் தண்டவாளத்தின் கீழே கிடக்கும் ஸ்லீப்பர் கட்டை, மரம் போய் கான்கிரீட் ஆகிப் பல காலமாகிறது. சென்னை மெட்ரோ ரயில் ஓடும் சுரங்கத்தின் உள்வட்டம் களத்தில் வார்த்த வளைவுத் துண்டுகளைச் சேர்த்தது. சிங்கப்பூரில் அரசு அடுக்கு வீடுகளை 1980களின் தொடக்கத்திலிருந்தே இப்படி வார்த்த பாகங்களால் கட்டி வருகிறார்கள். அங்கே வேலைக்குப் போய்வந்த நம் பிள்ளைகள் சுவரும் குளியலறையும் கிரேனில் தொங்கிக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் சோழிங்கநல்லூருக்கும் மேடவாக்கத்துக்கும் இடையிலுள்ள பெரும்பாக்கத்துக்குப் போய்ப் பார்க்கலாம். மத்திய அரசின் 'லைட் ஹவுஸ்' திட்டத்தில் ஆறு மாநிலங்களில் ஆறு புதிய முறைகளைச் சோதித்தார்கள். தமிழகத்துக்கு வந்தது பிரீகாஸ்ட் முறை. 2021 ஜனவரி 1ஆம் தேதி அடிக்கல். 2022 மே 26ஆம் தேதி திறப்பு விழா. 12 பிளாக்குகள், 1,152 வீடுகள். நடுவில் கொரோனா இரண்டாம் அலையும் வந்து போயிற்று. 17 மாதத்துக்குள் 1,152 வீடு நிற்கிறதென்றால், ஒரு பஜார் தெருவின் வடிகாலுக்கு ஆறு மாதம் என்பதை நாம் எப்படி ஒப்புக்கொள்வது?

இனி நம் சொந்த உபயோகத்துக்கு வருவோம். பழைய பஜார் கடைகளில் மெட்ராஸ் டெரஸ் தளம் பார்த்திருப்பீர்கள். தேக்கு உத்திரம் வரிசையாகப் போட்டு, மேலே சிறு செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்டது. கீழே பலகை அடைத்து முட்டுக் கொடுக்கும் வேலை இல்லை. இதே யோசனையைத்தான் ரூர்க்கி மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் கான்கிரீட்டில் செய்து கொடுத்தது. தேக்குக்குப் பதில் கம்பி போட்ட சிறு உத்திரம். செங்கல்லுக்குப் பதில் 30 சென்டிமீட்டர் அகலமும் ஒன்றரை மீட்டர் வரை நீளமும் உள்ள வார்ப்புப் பலகை. இரண்டு ஆள் தூக்கி வைக்கலாம், கிரேன் தேவையில்லை. மேலே மெல்லிய கான்கிரீட் போட்டு இணைத்து விடுகிறார்கள். கீழே கடை நடந்துகொண்டிருக்க மேலே மாடி எடுக்க நினைப்பவர்கள் இதை விசாரிப்பது நல்லது. முட்டுக் கட்டைக் காட்டில் வியாபாரம் செய்ய வேண்டியிராது.

ஆனால் எல்லாவற்றுக்கும் பிரீகாஸ்ட் என்று ஓடுவதையும் நாம் ஆதரிக்கவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் ஜி.எஸ்.டி. சாலையிலும் மனைகளைச் சுற்றிப் போடும் பலகை மதில் எல்லாருக்கும் தெரியும். காடி வெட்டிய தூண் நட்டு, இடையில் பலகைகளைச் செருகுவது. காலி மனைக்குச் சரி. அதையே உயர்த்தி, மேலே தகரம் போட்டு கோடவுன் என்று சிலர் சரக்கு வைக்கிறார்கள். மளிகைச் சரக்குக்கு அது ஆகாது என்பது நமது உறுதியான அபிப்பிராயம். பலகைக்கும் பலகைக்கும் நடுவே இருக்கும் சந்து எலிக்கு ராஜபாட்டை. மழைச் சாரல் அந்தச் சந்தில் இறங்கி, சுவரோரம் அடுக்கிய மூட்டையில் ஈரம் ஏறும். பருப்பில் பூஞ்சை பிடித்த பிறகு கோடவுன் வாடகையில் மிச்சம் பிடித்ததெல்லாம் எங்கே போகும்? அடித்தளமும் பெயருக்குத்தான் இருக்கும். 2022 டிசம்பர் 9ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரை கடந்த மறுநாள் அந்தப் பக்கம் போனோம். பலகை மதில்கள் சீட்டுக்கட்டு போலச் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தோம். தூணை ஆழமாக நட்டிருந்தவை நின்றன என்பதையும் சொல்ல வேண்டும்.

கடலோரத்தில் இன்னொரு எதிரி உப்பு. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை உப்புக் காற்று தேடிப் போகும். துரு பிடித்த கம்பி ஊதும், மேலே உள்ள கலவை பிளந்து கொட்டும். கோவளம் முதல் கல்பாக்கம் வரை பால்கனிச் சிலாப்புகளின் அடிப்பக்கத்தைப் பார்த்தால் விளங்கும். கடலோரத்தில் கம்பிக் கான்கிரீட் எம்-30 தரத்துக்குக் குறையக் கூடாது, கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கலவை மூடியிருக்க வேண்டும் என்பது 2000ஆம் ஆண்டின் ஐ.எஸ். 456 விதி. இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. சாலையோரக் களங்களில் விற்கும் மெல்லிய பலகையில் மொத்தக் கனமே அவ்வளவு தேறாது. நல்ல களத்தில் இயந்திரத்தில் அதிர்த்து, அளந்து தண்ணீர் விட்டு, முறையாக ஆற வைத்த துண்டு, தெருப் பள்ளத்தில் அவசரமாகக் கொட்டிய கலவையைவிட நெருக்கமாக இருக்கும். உப்பை அதிக காலம் தாங்கும். மட்டமான களத்தில் உப்புத் தண்ணீரில் கலந்து வார்த்தது அதைவிட மோசம். பிரீகாஸ்ட் என்ற பெயரைக் கேட்டு ஏமாறாமல், எந்தக் களம், என்ன தரம், சோதனைச் சீட்டு எங்கே என்று கேட்டு வாங்குங்கள். பருப்பு வாங்கும்போது கையில் அள்ளிப் பார்க்காமல் வாங்குகிறோமா?

அடுத்தது மூட்டு. வார்த்த பாகம் எவ்வளவு பலமானாலும் இரண்டு பாகம் சேருமிடம் பலவீனமானால் எல்லாம் வீண். லண்டனில் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தில் 1968 மே 16ஆம் தேதி, 18ஆம் மாடியில் கேஸ் வெடித்தது. ஒரு சுவர் பெயர்ந்ததும் அந்த மூலை முழுவதும் மேலிருந்து கீழ்வரை சரிந்து 4 பேர் இறந்தார்கள். குடிவந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. நம் நாட்டில் 2001 ஜனவரி 26 குஜராத் பூகம்பத்தில், வார்த்த பலகைகளால் கட்டிய பள்ளிக் கட்டடங்கள் பல விழுந்தன. பாகங்களை ஒன்றோடொன்று சரியாகப் பிணைக்காததே காரணம். தெரு வடிகாலில் உயிருக்கு இவ்வளவு ஆபத்து இல்லை. ஆனாலும் மூட்டு கசிந்தால் அடியில் மண் அரித்துத் துண்டு இறங்கும். இறங்கிய இடத்தில் சாக்கடை தேங்கும். கொசுவும் நாற்றமும் நம் கடைக்குத்தான். ஆகவே மூட்டுப் பூசும்போது பக்கத்தில் நின்று பார்ப்பது நம் வேலை.

விலை விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். பிரீகாஸ்ட் சாமானுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. சிமெண்டுக்கு 28ஆக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆயிற்று. வரி விகிதம் ஒன்றுதானே என்று தோன்றும்; கணக்கு வேறு. கொத்தனார் வைத்துக் கட்டினால் சிமெண்டுக்கும் கம்பிக்கும் வரி கட்டுகிறோம், கொத்தனார் கூலிக்கு வரியில்லை. வார்த்த பொருளாக வாங்கும்போது களத்து ஆட்களின் கூலியும் விலைக்குள் சேர்ந்து, அதற்கும் 18 சதவீதம் விழுகிறது. ரூ.10,000 பொருளுக்கு ரூ.1,800 வரி. சொந்தக் கட்டடத்துக்குச் செலுத்திய இந்த வரியை நம் விற்பனை வரியில் கழித்துக்கொள்ளவும் சட்டம் இடம் தரவில்லை. வேகமாக, கழிவில்லாமல் கட்ட வேண்டும் என்று ஒரு பக்கம் அரசு சொல்லிக்கொண்டு, மறுபக்கம் கூலிக்கும் வரி வாங்குவது சரியில்லை; சிறு கடை, சிறு கோடவுன் கட்டுபவர்களுக்காவது இதைக் குறைக்க வேண்டும். வடிகால் விஷயத்தில் இந்த வாதம் எழாது. அது ஒப்பந்த வேலை, எந்த முறையில் செய்தாலும் வரி உண்டு.

நம்மைச் சற்று யோசிக்க வைத்த விஷயம் ஒன்று உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் நம் சில்லறைக் கடைகளில் நிற்கும் கூட்டம் யார்? கூலி வாங்கிக்கொண்டு வரும் கொத்தனாரும் சித்தாளும்தான். போன வாரப் பாக்கியைத் தீர்த்துவிட்டு இந்த வாரத்துக்கு அரிசி, புளி, எண்ணெய் வாங்குபவர்கள். வேலையெல்லாம் களத்துக்குப் போய்விட்டால் இவர்களுடைய கூலி என்ன ஆகும், நம் சனிக்கிழமை வியாபாரம் என்ன ஆகும் என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. களத்தில் வேலை இல்லாமல் இல்லை. ஆனால் அங்கே பீகார், ஒடிசா ஆட்கள் அதிகம். அவர்களும் சாப்பிடுகிறார்கள், நாமே கடுகெண்ணெயும் ஆட்டா மூட்டையும் வரவழைத்து விற்க ஆரம்பித்து வருடங்களாயிற்று. என்றாலும் உள்ளூர் சித்தாள் பெண்ணுக்கு அது பதிலாகாது. நம் அபிப்பிராயம் இதுதான்: வீடு கட்டும் வேலை கொத்தனார் கையில்தான் இன்னும் வெகு காலம் இருக்கும், இருக்கட்டும். பஜார் தெரு வடிகாலும் சிறு பாலமும் மட்டுமாவது வார்த்த முறைக்கு வரட்டும். அந்தக் களங்களையும் தாலுகாவுக்கு ஒன்றாக இங்கேயே அமைத்து, வேலைக்கு உள்ளூர் ஆட்களைப் பழக்க வேண்டும். பக்குவமான கொத்தனார் மட்டம் பார்ப்பதில் யாருக்கும் இளைத்தவரல்ல. வார்த்த துண்டை இறக்கும்போது முதலில் தேவைப்படுவதும் அந்த மட்டம்தான்.

அந்த மட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேலை கெடுவது அங்கேதான். உள்ளே 60 சென்டிமீட்டர் அகலம், 75 சென்டிமீட்டர் ஆழம், 10 சென்டிமீட்டர் கனமுள்ள துண்டு என்று வைத்துக்கொண்டால், ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 575 கிலோ வரும். 2 மீட்டர் துண்டு 1,150 கிலோ. நம் கணக்கில் 50 கிலோ மூட்டை 23. எந்த லோடுமேனும் தூக்க முடியாது, சிறு கிரேன் வேண்டும். பஜார் தெருவில் தலைக்கு மேல் மின்கம்பியும் கேபிளும் பின்னிக் கிடக்கின்றன. ஆகவே இரவில், மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் இறக்க முடியும். 100 மீட்டருக்கு 40 சென்டிமீட்டர் சாய்வு கொடுப்பதானால், அடிக் கலவை போடும்போதே அந்தச் சாய்வு இருக்க வேண்டும். துண்டை வைத்த பிறகு திருத்த முடியாது. ஒவ்வொரு கடையின் கழிவுநீர்க் குழாயும் வேறு வேறு உயரத்தில் வெளியே வருகிறது. முன்னாலேயே அளந்து சொன்னால் களத்திலேயே துளை விட்டு வார்ப்பார்கள். சொல்லாவிட்டால் பிறகு சம்மட்டியால் உடைப்பார்கள். உடைத்த இடத்தில் கம்பி தெரியும், கசிவும் அங்கிருந்தே ஆரம்பம். மூடிகளில் தூக்குவதற்குக் கொக்கித் துளை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தூர் வாரும்போது கடப்பாரைதான்.

நம் மாவட்டத்தில் செங்கல்பட்டு, மதுராந்தகம், திருக்கழுக்குன்றம், திருப்போரூர், மாமல்லபுரம் கடைவீதிகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும்படி ஒரு மனு தயாரித்து, உள்ளாட்சி அமைப்புகளிடமும் மாவட்ட ஆட்சியரிடமும் சங்கத்தின் சார்பில் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். கடைவீதி வடிகாலுக்கு டெண்டர் விடும்போது வார்த்த துண்டுகள் என்பதையும், ஒரு கடைவாசல் இத்தனை நாளுக்கு மேல் திறந்து கிடக்கக் கூடாது என்பதையும், தவறினால் நாளொன்றுக்கு இவ்வளவு பிடித்தம் என்பதையும் நிபந்தனையாகவே எழுத வேண்டும். ஆவணி முதல் பொங்கல் வரை கடைவீதியில் தோண்டவே கூடாது. வியாபாரமும் மழையும் ஒன்றாக வரும் காலம் அது. தை கழிந்து தோண்டினால் சித்திரைக்குள் முடித்துவிடலாம்.

மனு வெறும் காகிதமாகப் போகாமலிருக்க, உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் தங்கள் கடையின் முன்பக்க அகலம், கழிவுநீர்க் குழாய் தெரு மட்டத்திலிருந்து எத்தனை அங்குலம் கீழே வருகிறது, சென்ற மழையில் தண்ணீர் எதுவரை ஏறியது ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி, கடை எண்ணோடு அடுத்த மாதக் கூட்டத்தில் செயலாளரிடம் கொடுத்தால், தெருவாரியாகத் தொகுத்து மனுவோடு இணைத்து விடலாம். டேப் இல்லாதவர்கள் துணிக்கடைக்காரரிடம் இரவல் வாங்கிக்கொள்ளலாம்.